நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போகும் ஆசிரியர்களைத் தயார்ப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக நீலகிரிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு நாள், ஒரு மண்டபம், ஒரு பவர்பாயிண்ட், மதியம் சாப்பாடு. திரையில் ஆறு பழங்குடிகளின் ஆறு படங்கள் வந்து போகும். அடுத்த வாரம் அந்த ஆசிரியர் நல்ல மனதோடுதான் வகுப்புக்குப் போவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எழுப்பி, "உங்க ஆட்டத்தை ஒரு தடவை ஆடிக் காட்டு பாப்பா" என்பார். அந்தப் பிள்ளை அதற்கடுத்த நாள் பள்ளிக்கு வராது. ஏன் வரவில்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தப் பயிற்சியை நடத்தும் தலைமையாசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் பல ஆண்டுகள் செய்து பார்த்து, புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து வைத்தவை இவை. வேறு மலையில் வேலை செய்பவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஊர், அடுத்தது மொழி, கடைசியில்தான் பாடம். பாடத்தில் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை நேரம். ஒரு நாள் போதாது, ஒரு பருவம் முழுக்க வேண்டும். மாதம் இரண்டு அமர்வுகளும் நடுநடுவே ஊருக்குப் போய்வருவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கேட்டது ஒரே வாரத்தில் மறந்துபோகும். இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தவர்தான் அடுத்த அமர்வுக்குக் கேள்வியோடு வருவார்.

இரண்டாவது, அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேர். பயிற்சியின் நடுவில் 'விருந்தினர் உரை' ஆற்றுவதற்காக இவர்களைக் கூப்பிட வேண்டாம். திட்டம் போடும் நாளிலிருந்தே கூட உட்கார வேண்டும். ஒருவர் வயதில் மூத்தவராகவும் இன்னொருவர் படித்த இளைஞராகவும் இருந்தால் நல்லது. மூத்தவருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரியும். நம் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்பது இளைஞருக்குத் தெரியும்.

மூன்றாவது பணம். இவர்கள் இருவருக்கும் மதிப்பூதியம் திட்டச் செலவின் முதல் வரியிலேயே இருக்கட்டும். கடைசி வரியில் எழுதினால் பேனருக்கும் பிரியாணிக்கும் போனது போக ஒன்றும் மிஞ்சாது.

நான்காவது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுத்த விவரம்: எந்தச் சமூகம், எந்த ஊர், வீட்டில் என்ன மொழி, பள்ளிக்கு நடந்து வர எவ்வளவு நேரம். வீட்டு மொழி என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'தமிழ்' என்று எழுதியிருந்தால், பயிற்சிக்கான முதல் வேலை அங்கேயே கிடைத்துவிட்டது.

2. பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"ட்ரைபல் பசங்க" என்ற ஒற்றைச் சொல்லை முதல் அமர்விலேயே விட்டுவிட வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள். ஆறுக்கும் தனித்தனி மொழி, தனித்தனி வாழ்க்கை. குறும்பருக்குள்ளேயே ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், முள்ளுக் குறும்பர் என்று பிரிவுகள் உண்டு. அவர்களுடைய பேச்சும் ஒன்றல்ல. கோத்தகிரியில் ஆலு குறும்பரோடு பழகிய ஆசிரியர் கூடலூருக்கு மாறி, பெட்ட குறும்பரிடம் "எனக்கு உங்க வழக்கமெல்லாம் தெரியுமே" என்று தொடங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

அரசுப் பட்டியலில் உள்ள பெயரும் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரும் வேறாக இருக்கலாம். தோடர்கள் தங்களை 'ஓள்' என்பார்கள், கோத்தர்கள் 'கோவ்' என்பார்கள். கூடலூர்ப் பக்கம் பலர் 'ஆதிவாசி' என்ற சொல்லை விரும்பிச் சொல்கிறார்கள். வேறு இடங்களில் 'பழங்குடி' என்பார்கள். எது சரி என்று நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. "உங்களை எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டு, அப்படியே சொல்லுங்கள். 'காட்டுவாசி' மட்டும் எந்த இடத்திலும் வேண்டாம். அது வசவாகவே கேட்டு வளர்ந்த சொல்.

குடியிருப்பின் பெயரும் அப்படித்தான். தோடர் ஊர் மந்து, கோத்தர் ஊர் கோக்கால், இருளர் ஊர் பல இடங்களில் பதி. வருகைப் பதிவேட்டில் எல்லாவற்றையும் 'காலனி' என்று எழுதும் பழக்கத்தை மாற்றுங்கள். தன் ஊர்ப் பெயரைப் பள்ளி சரியாகச் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், காரணத்தை நான் விளக்க வேண்டியிருக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. இருளர் என்றாலே பாம்பு என்று நினைப்பது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிறார்கள். அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். எல்லாம் பெருமைக்குரியதுதான். ஆனால் அது சமவெளி இருளர்களின் தொழில். கோத்தகிரி மலைச்சரிவில் வளர்ந்த இருளர் பிள்ளையிடம் "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டால் அது பயந்துதான் போகும்.

3. ஆசிரியர் அறையில் புழங்கும் வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்

ஊருக்குப் போகும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். மனதில் இருப்பதை இறக்கி வைக்காமல் போனால், அங்கே பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே நினைத்ததற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் அறையில் கேட்ட வாக்கியங்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள். "ஒழுங்கா வரமாட்டாங்க." "சாப்பாட்டுக்குத்தான் வர்றாங்க." "எவ்வளவு சொன்னாலும் படிப்பு ஏறாது." பெயர் எழுத வேண்டாம், தாள்களைக் கலந்துவிடுங்கள். வலப்பக்கத்தைச் சமூகத்திலிருந்து வந்திருக்கும் இருவரும் சேர்ந்து நிரப்பட்டும்.

"ஒழுங்கா வரமாட்டாங்க" என்பதற்கு எதிரே என்ன வருகிறது என்று பாருங்கள். கோடையில் காட்டுநாயக்கரும் குறும்பரும் தேன் எடுக்கக் குடும்பமாகப் போவார்கள். டிசம்பர், ஜனவரியில் கோத்தர்களின் கம்பட்ராயர் திருவிழா. அதே சமயத்தில் முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் பண்டிகை. ஜூன், ஜூலையில் கூடலூர் மழை. அப்புறம் யானை. காலையில் வழியில் யானை நின்றால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். பதிவேட்டில் எல்லாமே ஒரே 'ஆ', அதாவது ஆப்சென்ட். காரணம் தெரிந்த ஆசிரியர் எந்த 'ஆ'வுக்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்பார்.

"படிப்பு ஏறாது" என்பதற்குச் சிலர் புள்ளிவிவரத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54. அந்த எண்ணை மறைக்க வேண்டாம். புரியாத மொழியில் ஒன்றாம் வகுப்பு, பயமாக இருக்கும் விடுதி, பாதியில் மாறிப்போகும் ஆசிரியர் என்று அந்த இடைவெளிக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பேசுங்கள். பிள்ளையின் மூளை அந்தப் பட்டியலில் வராது.

பணியர் பிள்ளைகள் பெரியவர் முன் தலை குனிந்து நிற்பார்கள், கேட்டதற்கெல்லாம் "ஆமா" என்பார்கள். அதை அடக்கம் என்று புதியவர்கள் பாராட்டுவார்கள். வயநாட்டிலும் கூடலூர்ப் பக்கத்திலும் பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலக்காரர்களிடம் கொத்தடிமையாக இருந்தவர்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுக் கோவில் திருவிழாவில் அந்தக் காலத்தில் அடுத்த ஓராண்டு வேலைக்கு அவர்களைப் பேசிப் பிடித்துக்கொண்டு போவார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல்தான். இன்றைய பிள்ளையின் தாத்தா அதைப் பார்த்தவர். அந்தத் தலைகுனிவை வளர்க்காமல் இருப்பது ஆசிரியரின் வேலை.

தருமபுரிப் பக்கம் பயிற்சி நடத்துபவர்கள் வாச்சாத்தியைப் பேசாமல் இந்தப் படியைக் கடக்கக்கூடாது. 1992 ஜூன் 20ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 'மலையாளி' என்ற மலைப் பழங்குடியினர் வாழும் அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைகளுக்கு 2011ல்தான் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023ல். ஜீப்பில் வந்து இறங்கும் அரசு ஊழியரைப் பார்த்ததும் ஒரு பாட்டி ஏன் வீட்டுக்குள் போய்விடுகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. ஊருக்குள் போக அனுமதி கேளுங்கள்

ஊர் என்பது பார்வையிடும் இடம் அல்ல, மனிதர்கள் வசிக்கும் வீடுகள். சொல்லாமல் நம் வீட்டுக்குள் இருபது பேர் வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

திட்டக்குழுவில் உள்ள இளைஞர் வழியாக ஊர்ப் பெரியவரிடம் சொல்லி அனுப்புங்கள். இருளர், குறும்பர் ஊர்களில் மூப்பன் இருப்பார். யார் வருகிறோம், எத்தனை பேர், எதற்கு என்ற மூன்றும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். "வேண்டாம்" என்று பதில் வந்தால் போகாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். வனப்பகுதிக்குள் இருக்கும் ஊரென்றால் வனத்துறை அனுமதியும் தனியாக வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் ஊரின் சம்மதத்துக்கு ஈடாகாது.

நேரம் முக்கியம். பகலில் போனால் ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள், தேயிலைத் தோட்ட வேலைக்குப் போயிருப்பார்கள். நமக்காகக் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. மாலையில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், யானை வரும் நேரம் அது.

இரண்டு இரண்டு பேராகப் போகட்டும். கழுத்தில் அடையாள அட்டை வேண்டாம், கேமரா வேண்டாம், மிட்டாய்ப் பொட்டலமும் வேண்டாம். மிட்டாய் கொடுத்தவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும், பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நாம் பார்க்கப் போனது பெரியவர்களை.

எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோடர் மந்தில் பால்மனைக் கோவில் இருக்கும். அதன் அருகே பெண்கள் போவதில்லை, வெளியார் நெருங்குவதும் இல்லை. கோத்தர் கோவில் திடலுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. "இதெல்லாம் ஆணாதிக்கம் இல்லையா?" என்று ஒரு ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாள் வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி அல்ல. அந்த ஊர்ப் பெண்களே அதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அவர்கள் நம்மிடம் பேசும் அளவுக்குப் பழகிய பிறகு அவர்கள் வாயிலிருந்து கேட்கலாம்.

5. முதல் சந்திப்பில் கேட்பது மட்டும்

இங்கே வரும் தவறுகளில் பெரியது ஒன்று இருக்கிறது, அது நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது: ஒருமை.

அறுபது வயது மனிதரைப் பார்த்து இருபத்தெட்டு வயது ஆசிரியர், "என்னப்பா, பையனை ஏன் அனுப்பல? வா, இங்க உட்காரு" என்பார். இதே ஆசிரியர் குன்னூரில் ஒரு கடைக்காரரிடம் "நீங்க" என்றுதான் பேசுவார். மலைமேல் ஏறியதும் 'நீங்க' எப்படி 'நீ' ஆகிறது என்று அவருக்கே தெரியாது. சொன்னால் அதிர்ச்சியாகிவிடுவார். ஏற்கெனவே அங்கிருக்கும் வெளியாட்கள் எல்லோரும் அப்படிப் பேசுவதைக் கேட்டு அது தொற்றிக்கொள்கிறது.

அதனால் ஊருக்குப் போகும் முன் இதை வாய்விட்டுப் பழக வைக்கிறேன். வயதுக்கேற்ப ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, தாத்தா, பாட்டி. வினை எல்லாம் 'ங்க'வில் முடிய வேண்டும். பழகும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். ஒருமுறை சந்திப்பு முடிந்து திரும்பும்போது ஒரு பணியர் அம்மா கூட வந்த இளைஞரிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "இந்த டீச்சர் நீங்கன்னு பேசுறாங்கன்னு சொல்லுது" என்றார். நாங்கள் அன்று வேறு எதுவும் பெரிதாகச் செய்துவிடவில்லை.

அவர்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கேயே உட்காருங்கள். கட்டஞ்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, கொடுத்தால் குடியுங்கள். "இல்ல, இப்பத்தான் குடிச்சேன்" என்ற பதில் அவர்கள் காதில் 'உங்க வீட்டுல குடிக்கமாட்டேன்' என்றுதான் விழும். அதைச் சொன்னவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்விகளையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "உங்க கலாச்சாரத்தைப் பத்திச் சொல்லுங்க" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது. "பையன் வீட்டுல என்ன வேலையை நல்லா செய்வான்?" "பள்ளிக்கூடத்தைப் பத்தி வீட்டுல என்ன சொல்றா?" "நாங்க எதைச் செய்யாம இருந்தா நல்லது?" என்ற இந்த மூன்றும் எப்போதும் பேச்சைத் திறந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் வர நேரமாகும். அமைதியாக இருங்கள், இடையில் நீங்களே பேசி அந்த இடத்தை நிரப்பாதீர்கள்.

நோட்டில் குறிப்பெடுக்க வேண்டாம். வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதினால் போதும். எதிரில் உட்கார்ந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் அது கணக்கெடுப்பு போலவே இருக்கும்.

6. மொழிக்கு ஒரு நோட்டு போடுங்கள்

ஒன்றாம் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் மூச்சு விடாமல் பேசும் பிள்ளை அது. இங்கே நடக்கும் பேச்சு அதற்கு அந்நிய மொழி.

பணியர் பேச்சை 'கெட்டுப்போன மலையாளம்' என்றும், இருளர் பேச்சைக் 'கொச்சைத் தமிழ்' என்றும், காட்டுநாயக்கர் பேச்சை 'ஒரு மாதிரி கன்னடம்' என்றும் சொல்வார்கள். மூன்றும் தவறு. இவை நம் மொழியோடு ஒரே குடும்பத்தில் பிறந்த தனி மொழிகள். எருமையைத் தோடர் 'இர்' என்பார்கள், கோத்தர் 'இம்' என்பார்கள். நம் 'எருமை'யோடு உறவுள்ள சொற்கள்தான், ஆனால் யாரும் நம்மிடமிருந்து எடுத்துக் கெடுத்தவை அல்ல. தோடர் மொழியில் உள்ள ஒலிகளில் பாதிக்கு நம் எழுத்தில் இடமே இல்லை. அந்த 'இர்'ரைக்கூட நான் இங்கே சரியாக எழுதவில்லை.

வகுப்புக்கு ஒரு சொல் நோட்டு. முதல் மாதத்தில் முப்பது சொற்கள் போதும், ஆனால் எந்த முப்பது என்பதில் கவனம் வேண்டும். புதியவர்கள் விலங்கு, பறவை, பூ என்று தொடங்குவார்கள். அவை அழகுக்கு. முதலில் வேண்டியவை: வயிறு வலிக்கிறது, ஒன்றுக்குப் போகணும், பயமாக இருக்கிறது, தண்ணீர், பசி, வீட்டுக்குப் போகணும், அடித்தான், புரியவில்லை. விடுதியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் அது தன் மொழியில்தான் சொல்லும். கேட்பவருக்குப் புரியாவிட்டால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வரிசை.

சொற்களைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஆசிரியர் தப்பாக உச்சரிப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள், திருத்துவார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்கள்தான் ஆசிரியர். அதுவரை வாய் திறக்காதவன்தான் முதலில் திருத்துவான், பாருங்கள்.

இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்பது அரசமைப்பின் 350ஏ பிரிவு. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. முதல் அமர்விலேயே இந்த இரண்டையும் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

7. ஊர் மூத்தவரை ஆசிரியராக அழையுங்கள்

இரண்டு மாதம் ஆன பிறகே இந்தப் படி. முன்னால் அழைத்தால் அவர் வருவார், நாற்காலியில் உட்காருவார், பொன்னாடை போர்த்துவோம், போய்விடுவார். வகுப்பில் எதுவும் நடக்காது.

அழைக்கும்போது பாடத்தோடு அழையுங்கள். ஒரு தோடர் பாட்டியை ஆறாம் வகுப்புக் கணக்குக்கு அழைத்ததைச் சொல்கிறேன். தலைப்பு சமச்சீர். அவர் வெள்ளைத் துணியும் சிவப்பு, கறுப்பு நூலும் கொண்டு வந்தார். துணியில் பென்சில் கோடு கிடையாது, பார்த்துப் போட வரைபடமும் கிடையாது. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி எண்ணி ஊசியை ஏற்றினார். ஒருபக்கம் முக்கோணம் வளர்ந்தது. அதன் மறுபாதியை எப்படிப் போடுவீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பாட்டி துணியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதி வைத்திருந்த வரையறையை அழித்துவிட்டு, பிள்ளைகளையே சொல்லச் சொன்னார். அந்தத் தையலுக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதையும் பிறகு சொன்னோம். முதலில் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து வியந்த பிறகு சொன்னால்தான் அந்தச் செய்தி மனதில் தங்கும்.

மதிப்பூதியத்தை அன்றே, கையில், உறையில் வைத்துக் கொடுங்கள். அவர் இழக்கும் ஒரு நாள் கூலிக்குக் குறையக்கூடாது. வேறு கருத்தாளருக்கு எவ்வளவு தருவோமோ அதே தொகையாக இருந்தால்தான் நியாயம். வங்கிக் கணக்கு, மூன்று கையெழுத்து, அடுத்த மாதம் என்று இழுத்தால் அடுத்த முறை வரமாட்டார். பேருந்துச் செலவு தனி.

ஆடச் சொல்லாதீர்கள், பாடச் சொல்லாதீர்கள். அவர்களாகத் தொடங்கினால் அது வேறு.

8. எது பாடமாகலாம், எது ஆகக்கூடாது

இப்போதுதான் பாடத் திட்டத்தைக் கையில் எடுக்கிறோம். ஒவ்வொரு செய்திக்கும் ஊரிடம் மூன்று விடைகளில் ஒன்றை வாங்க வேண்டும்: எல்லோருக்கும் சொல்லலாம், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லலாம், வகுப்புக்கே வேண்டாம்.

ஊர்ப் பெயர்கள், வீடு கட்டும் முறை, மழையின் அறிகுறிகள், தேனீக் கூட்டில் எவ்வளவு விட்டுவைத்து எடுப்பது போன்றவை பெரும்பாலும் முதல் வகையில் வரும். சடங்குகள், இறந்தவர் பற்றியவை மூன்றாவதில் வரும். தோடர்களின் பூத்குளி என்ற போர்வையைப் பிள்ளைகள் காகிதத்தில் வெட்டி ஒட்டி அணிந்துகொள்ளும் செயல்பாடு ஒன்றைப் பார்த்தேன். பூத்குளி இறந்தவர் உடலுக்கும் போர்த்தும் துணி. கேட்டிருந்தால் ஊர் சொல்லியிருக்கும்.

மூலிகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஆர்வமுள்ள அறிவியல் ஆசிரியர்கள் விழும் குழி இது. 'மூலிகைத் திட்டப்பணி' என்று பிள்ளைகளை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்வார்கள். அது அழகாகத் தொகுக்கப்பட்டு, யாரோ ஒருவர் போனில் போய்ச் சேரும். 1987ல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிக்காரப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடந்தார்கள். அவர்கள் மென்ற காய் எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி வெளியே தெரிந்தது, 'ஜீவனி' மருந்தும் வந்தது. அங்கே உரிமக் கட்டணத்தில் பாதி காணிக்காரர்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு நடந்தது, அதிலும் பல சச்சரவுகள். எந்த ஏற்பாடும் இல்லாத இடங்கள் எத்தனையோ. 2002ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்த பிறகும், பள்ளி நோட்டு வழியாகப் போவதை யாரும் கவனிப்பதில்லை. எனவே மருந்துச் செய்தி வகுப்பில் வேண்டாம். ஊரே முன்வந்து கேட்டால், நோட்டு ஊரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று இலக்கணம். "பழங்குடியினர் காடுகளில் வாழ்ந்தனர், தேன் சேகரித்தனர்" என்று இறந்தகாலத்தில் பாடம் நடத்துவார்கள், எதிரே அந்தப் பிள்ளையே உட்கார்ந்திருக்கும். நிகழ்காலத்துக்கு மாற்றுங்கள். வாழ்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், நர்ஸாக இருக்கிறார்கள், ஜீப் ஓட்டுகிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி ஆசிரியர்கள் வகுப்பெடுப்பதைப் பயிற்சிக்கு வருபவர்கள் ஒருநாள், முன் அனுமதியோடு, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

9. வகுப்பில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள்

"எஸ்டி பசங்க எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்." இந்த ஒரு வாக்கியம் ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிடும். படிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் எல்லோருக்கும் கொடுக்கும் தாள்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

"நீ காட்டுநாயக்கர்தானே, தேன் எப்படி எடுப்பீங்கன்னு சொல்லு" என்பதும் அதே வகை. ஒன்பது வயதுப் பிள்ளை தன் சமூகத்தின் பிரதிநிதி அல்ல, அதற்குத் தெரியாமலும் இருக்கலாம். தேன் பற்றிய பாடத்தை நடத்திவிட்டு வாசலைத் திறந்து வையுங்கள். சொல்ல நினைக்கும் பிள்ளை தானாகச் சொல்லும்.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினம். அன்று இலை தழையைக் கட்டி, முகத்தில் கரி பூசி மாறுவேடம் போடுவதை நிறுத்துங்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளை கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. ஊரிடம் கேட்டு, ஊர் விரும்பியதைச் செய்யுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் அன்று வழக்கமான வகுப்பு நடக்கட்டும்.

மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்தால், கிண்டலுக்கு ஆளானவரை முன்னால் அழைத்து "இவரும் நம்ம மாதிரிதான்" என்று சொல்வது இன்னொரு அவமானம். செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அன்றே பேசுங்கள். பெரும்பாலும் அது வீட்டிலோ ஆசிரியர் அறையிலோ கேட்ட சொல்லாகத்தான் இருக்கும்.

10. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே தொடங்குங்கள்

இது மரியாதைப் பயிற்சியில் வருமா என்று கேட்பார்கள். வரும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணைக்குக் காலம் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு தொடங்கினால் கல்லூரிச் சேர்க்கை போய்விடும். ஆறாம் வகுப்பிலேயே யாருக்கு இல்லை என்று பட்டியல் எடுத்து, பெற்றோரோடு ஒருமுறை அலுவலகத்துக்குக் கூடப் போய்வாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் சமூகப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதும் இதில் சேரும். ஒரு எழுத்து மாறியதால் பல மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

11. பருவ முடிவில் ஊரிடம் திரும்பிப் போங்கள்

பயிற்சி எப்படி இருந்தது என்று ஆசிரியர்களிடம் படிவம் நிரப்பி வாங்குவது சுலபம், அதில் எல்லாமே 'மிக நன்று' என்றுதான் வரும். நாம் கேட்க வேண்டியது பெற்றோரிடம். கேள்வி சின்னதுதான்: "பள்ளிக்கூடத்துல ஏதாவது மாறியிருக்கா?" "இல்ல" என்று பதில் வந்தால் அதையும் எழுதி வைத்து, அடுத்த பருவத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.

ஊரிடமிருந்து எடுத்த எதையும் ஊருக்குத் திருப்பிக் காட்டுங்கள். சொல் நோட்டின் நகல், மூத்தவர் நடத்திய பாடத்தின் குறிப்பு, படம் எடுத்திருந்தால் அச்செடுத்த படம், எல்லாவற்றையும். எதையாவது நீக்கச் சொன்னால் அங்கேயே நீக்கிவிடுங்கள்.

ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள். அப்போது சொல் நோட்டையும், எந்தப் பிள்ளையின் ஊருக்கு எந்த வழி, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த மாதம் யார் வரமாட்டார்கள் என்ற குறிப்புகளையும் அடுத்தவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் யாரும் திறக்கமாட்டார்கள். முடிந்தால் புதியவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை ஊருக்குப் போய், "இனிமே இவங்கதான்" என்று மூப்பனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.